கடைவிரித்த கதாசிரியர்

நூலை எழுதுகிறவர் ஒருவர், அச்சிடுகிறவர் வேறொருவர், விற்கிறவர் மற்றொருவர் என்று பிரித்து எண்ணுவதே நம்மவரின் வழக்கம். எழுதியவரே மூட்டையைச் சுமந்துகொண்டு கடைவீதிக்கு வந்துவிட்டால், "சரக்கு மட்டம் போலும், அதனாலேதான் தாமே கூவி விற்கிறார்" என்று ஏளனம் செய்வோரும் உண்டு. நாமும் சில காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை மறைப்பானேன்? அமெரிக்க நாட்டிலே விஞ்ஞானக் கதை எழுதும் சிலர், எந்தப் பிரசுராலயத்தின் துணையுமின்றித் தம் நூல்களைத் தாமே வெளியிட்டு, தாமே விளம்பரம் செய்து, ஊரூராகச் சென்று வாசகரைக் கண்டு வருகின்றனர் என்ற செய்தியை முதன்முதல் கேள்வியுற்றபோது, அந்நூல்களைப் புரட்டிப் பார்க்கவும் நமக்கு மனம் ஒப்பவில்லை. பின்னர் ஆண்டி வியர் எழுதிய ‘தி மார்ஷியன்’, ஹ்யூ ஹௌவி எழுதிய ‘உல்’ ஆகிய இரண்டையும் படிக்க நேர்ந்தது. படித்தபின் நமது எண்ணத்தில் ஒரு பாதி மாறியது. மறுபாதி மாறவில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

விஞ்ஞானக் கதை என்பது பேய்க்கதையன்று, மாயாஜாலமுமன்று. "இன்று மனிதன் அறிந்திருப்பது இவ்வளவு, இதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்தால் அவன் கதி என்னாகும்?" என்று கேட்டு, அக்கேள்விக்குக் கதையாலே விடை சொல்லுவது. ஆகவே இதன் வாசகர் கதை கேட்டு உறங்கிவிடுவோரல்லர், கணக்கைச் சரிபார்ப்போர். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஏற்றுக்கொள்ளாமல், "இது எப்படி நடக்கும்?" என்று எழுந்து நின்று கேட்போர். இத்தகைய வாசகர் கூட்டம் எம்மொழிக்கு வாய்த்தாலும் அம்மொழிக்கு அது பெருஞ்செல்வமே.

அக்கூட்டம் உருவானதற்கு ஒரு சிறு காரியம் காரணமாயிருந்தது. 1926-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். முழுவதும் விஞ்ஞானக் கதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை அதுவே. அதில் வாசகர் கடிதங்களை அச்சிட்டபோது, எழுதியவரின் முழு முகவரியையும் உடன் அச்சிட்டார். அவ்வளவுதான். ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தலைப்பட்டனர், சங்கம் கூட்டினர், கையால் உருட்டி அச்சிடும் சிறு பத்திரிகைகளைத் தாமே நடத்தினர். 1937-ஆம் ஆண்டு ஜனவரி 3-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு மாநாடு நடந்தது. மாநாடு என்று பெயரே தவிர, வந்தவர் ஒரு சிறு அறைக்கு அடங்குவர். அவர்களுள் ஒருவர் பத்தொன்பது வயது நிரம்பிய ஆர்தர் கிளார்க். 1939-ஆம் ஆண்டு ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் முதல் உலக மாநாடு கூடியபோது சுமார் இருநூறு பேர் திரண்டனர்.

அந்த நியூயார்க் மாநாட்டிற்கு லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலிருந்து பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் வந்தார். கையிலே காசில்லை. நண்பர் ஃபாரெஸ்ட் அக்கர்மனிடம் கடன் வாங்கிக்கொண்டு, மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை பஸ்ஸிலேயே பிரயாணம் செய்து வந்தார். வரும்போது, ஹானெஸ் போக் என்ற மற்றொரு நண்பர் தீட்டிய சித்திரங்களையும் சுமந்து வந்து, பத்திரிகாலயங்களின் படியேறி ஆசிரியர்களிடம் காட்டினார். ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகை அச்சித்திரக்காரரை ஏற்றுக்கொண்டது. தம் சரக்கை விற்கப் பழகுமுன் பிறர் சரக்கை விற்றுக் கொடுத்த அவ்விளைஞரே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ரே பிராட்பரி. 1950-ல் அவருடைய ‘மார்ஷியன் கிரானிகிள்ஸ்’ வெளிவந்த சமயம், சாண்டா மோனிகாவில் ஒரு புத்தகக் கடையிலே கிறிஸ்டபர் இஷர்வுட் என்ற பெரிய எழுத்தாளரைத் தற்செயலாகக் கண்டார். உடனே ஒரு பிரதியை எடுத்துக் கையொப்பமிட்டு அவர் கையில் கொடுத்தார். இஷர்வுட் அதைப் படித்து மனமுவந்து மதிப்புரை எழுதினார். விஞ்ஞானக் கதையை ஏறிட்டும் பாராதிருந்த இலக்கியவாணர் சிலர் அதன் பின்னரே பிராட்பரியின் பக்கம் திரும்பினர். தம் நூலைத் தாமே நீட்டுவது இழிவு என்று அவர் அன்று கையைப் பின்னிழுத்திருப்பாரேயானால்? கடைவிரித்தலை ஏளனம் செய்யும் நண்பர்கள் இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டு இறுதியில் அமேசான் கம்பெனி ‘கிண்டில்’ என்ற வாசிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, எழுத்தாளர் எவரும் தம் நூலை மின்னூலாக அங்கே நேரே விற்கலாம் என்ற ஏற்பாட்டையும் செய்தது. 2 டாலர் 99 சென்டுக்குக் குறையாமலும் 9 டாலர் 99 சென்டுக்கு மேற்படாமலும் விலை வைத்தால் நூற்றுக்கு எழுபது பங்கு ஆசிரியருக்கு. அதற்குக் கீழே 99 சென்டு விலை வைத்தால் முப்பத்தைந்து பங்கு. பிரசுராலயத்தார் சாதாரண அட்டைப் பதிப்புக்குக் கொடுக்கும் பங்கு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்தையும் எட்டுவதில்லை. ஆதலின் இது பேரதிர்ஷ்டம் என்று தோன்றும். ஆனால் பிழை திருத்துவோர்க்கும், அட்டைச் சித்திரம் வரைவோர்க்கும், விளம்பரத்துக்கும் கொடுக்கவேண்டிய கூலியெல்லாம் ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்தே போகவேண்டும். அவற்றினும் பெரிய செலவு ஒன்றுண்டு. அது பொழுது. பகலிலே பிழைப்புக்கு ஒரு வேலை. மாலையிலே வாசகர் கடிதங்களுக்கு விடை. விடுமுறையிலே மாநாட்டு மண்டபத்தில் ஒரு மேசை. எழுதுவதற்கு எஞ்சுவது, பிறர் உறங்கும் வேளைதான்.

அந்த மேசையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. மண்டபத்திலே மேசைக்கு வாடகை, பிரயாணச் செலவு, தங்கும் செலவு யாவும் ஆசிரியருடையன. உலக மாநாட்டில் மேடையேறிப் பேசுகின்ற ஆசிரியர்களிலும் பெரும்பாலோர் அங்கத்தினர் கட்டணம் செலுத்தியே உள்ளே வருகின்றனர் என்றறிந்தபோது நமக்கு வியப்பாயிருந்தது. அங்கே ஆசிரியன் விருந்தாளியல்லன், கூட்டத்தில் ஒருவன். மேசைமீது நூல்களை அடுக்கிவைத்து, வருவோர் போவோர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த முதல் மணி நேரம் எத்தகையது என்பதை, சந்தையிலே காய்கறி விற்றவர்கள் சொல்லாமலே அறிவர். நூறு பேர் கடந்து செல்வர். பத்துப் பேர் அட்டையைப் பார்ப்பர். ஒருவர் கையிலெடுத்துப் பின்னட்டையைப் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போவார். பிறகு எங்கிருந்தோ ஒருவர் நேராக வந்து, "நாலாம் அத்தியாயத்தில் நீங்கள் சொன்ன விண்கலத்தின் வேகம் தவறு" என்று ஆரம்பிப்பார். ஆசிரியருக்கு அன்றைய நாள் விடிந்துவிடும். மின்னூல் வாங்கியவரிடம் கையொப்பமிட ஏடு இல்லையாகையால், கருவியின் முதுகிலே கையொப்பம் கேட்போரும் உண்டு! உலக மாநாட்டிலே ‘காபி மேசைப் பேச்சு’ என்று ஓர் ஏற்பாடு நடக்கிறது. ஓர் ஆசிரியர், அவரைச் சுற்றிச் சுமார் பத்து வாசகர், ஒரு மணி நேரம். மேடையில்லை, மாலையில்லை, தலைவரில்லை. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் கூடிய உலக மாநாட்டிற்கு ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தும், இந்தப் பத்துப் பேர் வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. நம் கூட்டங்களிலே மாலைகளை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்தாலென்ன என்று நமக்குத் தோன்றியதுண்டு. அது நிற்க.

வாசகர் இவ்வளவு அண்மையில் வந்து நிற்பதால் நூலுக்கு நேர்வது என்ன? ஆசிரியருக்கு நேர்வதைப் பற்றிப் பேசுவோர் பலர். நூலுக்கு நேர்வதைப் பற்றிப் பேசுவோரைக் காணோம்.

ஆண்டி வியர் கம்ப்யூட்டர் வேலை செய்து பிழைத்தவர். ஒரு கம்பெனி வேலை போனபோது, கையிலிருந்த பொருளைக் கொண்டு மூன்றாண்டுகள் எழுத்தாளராகவே வாழ்ந்து பார்த்தார். நூலை ஏற்பாரில்லை. மீண்டும் வேலைக்கே திரும்பினார். விற்கும் ஆசையை விட்டுவிட்டு, தமது இணையதளத்தில் கதைகளை இலவசமாக இட்டு வந்தார். சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூவாயிரம் வாசகர் சேர்ந்தனர். 2009 முதல் அவர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக அளித்த கதையே ‘தி மார்ஷியன்’. செவ்வாய்க் கிரகத்திற்குச் சென்ற ஆராய்ச்சிக் குழு புயலில் சிக்கித் திரும்பும்போது, இறந்துவிட்டான் என்று கருதி மார்க் வாட்னி என்பவனை விட்டுவிட்டுப் போகிறது. அவன் இறக்கவில்லை. கையிலுள்ள உணவு தீர்வதற்குள் உணவு விளைவிக்க வேண்டும். தண்ணீர் உண்டாக்க வேண்டும். பூமிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். விருந்துக்கென்று அனுப்பப்பட்டிருந்த உருளைக்கிழங்கை விதையாக்கி, தன் மலத்தையே எருவாக்கி, ஹைட்ரசீன் என்ற எரிபொருளைப் பிரித்து ஹைட்ரஜனாக்கி, அதனை ஆக்ஸிஜனோடு எரித்துத் தண்ணீர் காண்கிறான். இக்கணக்குகளில் பிழை கண்ட வாசகர், இரசாயனம் கற்றோர் உட்பட, உடனுக்குடன் மின்னஞ்சல் எழுதினர், ஆசிரியர் திருத்தினார். "கருவியில் படிக்கும்படி செய்து தாரும்" என்று சிலர் கேட்டனர், செய்தார். "எங்களுக்கு அதை இறக்கிக்கொள்ளத் தெரியவில்லை, அமேசானில் வைத்துவிடும்" என்று வேறு சிலர் கேட்டனர். அங்கே இலவசமாக வைக்க இடமில்லாமையால், மிகக் குறைந்த விலையாகிய 99 சென்டுக்கு வைத்தார். இலவசமாகக் கொண்டவரைக் காட்டிலும் காசு கொடுத்துக் கொண்டவர் அதிகமாயினர். மூன்றே மாதத்தில் ஏறக்குறைய 35,000 பிரதிகள் விற்றன. பின்னர் ஒலிநூல் வந்தது. 2013-ல் கிரௌன் பதிப்பகம் உரிமை வாங்கி 2014-ல் அச்சிட்டது. 2015-ல் ரிட்லி ஸ்காட் அதனைத் திரைப்படமாக்கினார். இக்கதையைப் பத்திரிகைகளெல்லாம் பாடிவிட்டன. நமக்கு வேண்டியது நூல்.

நூலின் சிறப்பு வெளிப்படை. உருளைக்கிழங்கு முளைக்கும் பகுதியைப் படிக்கும்போது, உழவு செய்தறிந்த எவருடைய கையும் மண்ணைத் தேடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைக்கும் இடம், அதிலே ஒரு சிறு கணக்குப் பிழையால் வெடி வெடித்து அவனைத் தூக்கியெறியும் இடம், இவை எந்தப் பேராசிரியரும் பாராட்டத்தக்கவை. கடவுளே வந்து காப்பாற்றுவார் என்று இவன் வானத்தை நோக்கி இருக்கவில்லை. கணக்கைத் திரும்பப் போடுகிறான். மூவாயிரம் பேர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தமையால் இந்நூலுக்கு இந்த உறுதி வாய்த்தது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். நமது எண்ணத்தில் மாறிய பாதி இதுவே.

மாறாத பாதியையும் சொல்லவேண்டும். வாட்னி ஆறாம் நாள் தனியனாகி, 549-ஆம் நாள்வரை அக்கிரகத்தில் இருக்கிறான். மனித குலத்தில் எவனும் அவனளவு தனித்திருந்ததில்லை. ஆயினும் அவன் தனித்திருப்பதாக நமக்குத் தோன்றவேயில்லை! ஏன்? அவன் எழுதும் நாட்குறிப்பு நாட்குறிப்பன்று, கடிதம். ஒவ்வொரு பத்தியிலும் யாரோ ஒருவரைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறான், வேடிக்கை சொல்கிறான், சிரித்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறான். ஆசிரியரின் தோளுக்குப் பின்னே அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்து நின்ற மூவாயிரம் பேரும் வாட்னியின் கூடாரத்திலே வந்து உட்கார்ந்துகொண்டனர். அவர்கள் எதிரிலே ஒருவன் எப்படி அழுவான்? 1719-ல் டீஃபோ எழுதிய ராபின்சன் குரூசோவை எடுத்துக்கொள்க. அவனும் தனியன், அவனும் நாட்குறிப்பு எழுதினான், அவனும் பயிர் செய்தான். ஆனால் ஒரு நாள் மை தீர்ந்துபோகிறது, குறிப்பு நின்றுவிடுகிறது. பிறகு மணலிலே ஒற்றைக் காலடி ஒன்றைக் கண்டு நடுங்குகிறானே, அந்த நடுக்கம் வாட்னிக்கு ஒருபோதும் வரவில்லை. வாட்னியின் மை தீர்வதேயில்லை.

வாசகர் திருத்தியவை யாவும் திருத்தத் தக்கவையே. ஆனால் கணக்குப் பிழையைச் சுட்டி ஆயிரம் பேர் எழுதுவர். "இவன் நெஞ்சிலே இருள் போதவில்லை" என்று எவர் எழுதுவார்? கணக்கிலும் ஒன்று விடுபட்டது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. அங்கே வீசும் புயல் மனிதனைத் தூக்கியெறிய மாட்டாது. ஆசிரியர் இதை அறிந்தே, கதை தொடங்கவேண்டுமே என்று வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆக, மூவாயிரம் பேர் காவல் காத்தும் வாசற்படி கோணலாகவே இருந்துவிட்டது! 2021-ல் அவர் எழுதிய ‘புராஜெக்ட் ஹெய்ல் மேரி’யிலும், தூர விண்வெளியில் தனியே விழித்தெழும் ஒருவனை அதிக நேரம் தனியே விடவில்லை, வேற்றுலகத் தோழன் ஒருவனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். அத்தோழன் அருமையானவன் என்பது வேறு விஷயம்.

பணம் வரும் வழியும் எழுத்தை உருவாக்குகிறது. 1930-களின் இறுதியில் பெயர்பெற்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகள் ஒரு சொல்லுக்கு ஒரு சென்டு வீதம் கொடுத்தன. எழுதிய சொல்லுக்குக் கூலி. ஆகவே எழுத்து ஊதிற்று. 2015 ஜூலை முதல், மாதச் சந்தா செலுத்தி வாசிப்போர் படித்து முடித்த பக்கத்தைக் கணக்கிட்டு அமேசான் பணம் கொடுத்து வருகிறது. ஒரு பக்கத்துக்கு அரை சென்டு அளவில். இப்போது படித்த பக்கத்துக்குக் கூலி. ஆகவே வாசகரைப் பக்கத்திலிருந்து பக்கத்துக்குக் கயிறு கட்டி இழுக்கவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு வெடி. ஒவ்வொரு நூலின் முடிவிலும் அடுத்த நூலுக்கு ஒரு வாசல். ஏழாம் பாகம், எட்டாம் பாகம் என்று முடிவில்லாத தொடர்கள். அன்றியும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தவர் தம் மின்னூலை வேறெந்தக் கடையிலும் விற்கலாகாது. சுயேச்சை எழுத்தாளர் என்று பெயர். கட்டப்பட்டிருப்பதோ ஒரே கடையின் தூணில்!

அண்மை வேறொரு திசையிலும் கெடும். இவ்விலக்கியத்தில் மிகப் பெரிய கௌரவமாகிய ஹூகோ பரிசு 1953 முதல் மாநாட்டு அங்கத்தினரின் வாக்கினால் கொடுக்கப்படுவது. லாரி கொரேயா என்பவர் 2007-ல் தம் முதல் நாவலைத் தாமே வெளியிட்டு, வாசகரைத் தாமே சேர்த்து, பின்னர் பதிப்பகத்தாரால் அழைத்துக்கொள்ளப்பட்டவர். ஜனங்கள் விரும்பும் சாகசக் கதைகளைப் பரிசு கொடுப்போர் புறக்கணிக்கின்றனர் என்பது அவர் புகார். 2013 முதல் அவர் தம் அபிமானிகளைத் திரட்டி வாக்களிக்கச் செய்தார். 2015-ல் அவ்வியக்கத்தாரும் அதனினும் கடுமையான வேறொரு கூட்டத்தாரும் பட்டியல் தயாரித்து ஒட்டுமொத்தமாகப் பெயர் முன்மொழிய, எதிர்த்தரப்பார் திரண்டு வந்து, ஐந்து பிரிவுகளில் "எவருக்கும் பரிசில்லை" என்று முடிவு செய்துவிட்டனர். புகாரில் உண்மை உண்டா என்பது தனி வழக்கு. அவ்வாண்டு போட்டியிட்ட கதைகளைப் பற்றி எவரும் பேசவில்லை. வாக்குகளைப் பற்றியே பேசினர். வாசகரைப் படையாக்கியபின் நூல் கொடிக்கம்பமாகிவிடுகிறது.

பெக்கி சேம்பர்ஸ் என்ற அம்மையார் இதற்கு நேர்மாறான வழி கண்டார். 2012-ல், பாதியிலே நின்ற தம் நாவலை முடிப்பதற்குச் சில ஆயிரம் டாலர் வேண்டுமென்று பொதுமக்களைப் பகிரங்கமாகக் கேட்டார், கிடைத்தது. 2014-ல் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு லண்டன் பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டது. 2019-ல் அந்நூல் வரிசைக்கு ஹூகோ பரிசும் கிடைத்தது. வாசகரிடம் அவர் வாங்கியது பொழுதை மட்டுமே. கதை எப்படிப் போகவேண்டும் என்று அவர்களைக் கேட்கவில்லை. நூல் சற்றே இனிப்பு மிகுந்தது என்பது நம் கருத்து. ஆயினும் அந்த இனிப்பு அவருடையது.

ஹ்யூ ஹௌவியை இறுதியில் வைத்ததற்குக் காரணமுண்டு. அவர் படகோட்டியாயிருந்தவர், பிறகு வட கரோலினாவில் ஒரு கல்லூரிப் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். அதாவது, கடைவிரிப்பது அவருக்குத் தொழிலாகவே இருந்தது. 2011 ஜூலையில் ‘உல்’ என்ற ஒரு சிறுகதையை 99 சென்டுக்கு வெளியிட்டார். பூமியின் மேற்புறம் நஞ்சாகிவிட்டது. மக்கள் நூற்றுக்கு மேற்பட்ட தளங்கள் கொண்ட ஓர் ஆழ்குழியில் வாழ்கின்றனர். வெளியுலகைக் காட்டும் கண்ணாடிகள் அழுக்கேறும். வெளியே போகவேண்டுமென்று கேட்பவனை அவற்றைத் துடைக்க அனுப்புவார்கள். துடைப்பான், சாவான். ஏன் ஒவ்வொருவனும் தவறாமல் துடைத்துவிட்டே சாகிறான் என்பதுதான் புதிர். குழியின் காவல் அதிகாரி ஹோல்ஸ்டன், மூன்றாண்டுகளுக்கு முன் அவ்வாறு போன தன் மனைவியின் பின்னே தானும் போகிறான். அவன் கண்டது என்ன என்பதை நேயர்கள் படித்தறிக. அத்தோடு கதை முடிந்தது. எதிரிலே நின்று எவரும் கேட்காத காலத்தில், யாருக்கும் கண்சிமிட்டாமல் எழுதப்பட்ட கதை அது. வாட்னியிடம் நாம் தேடிக் காணாத தனிமை ஹோல்ஸ்டனிடம் இருக்கிறது.

விளம்பரம் ஏதும் செய்யாமலே அது பரவியது. வாசகர் மேலும் கேட்டனர். சாத்திய கதவைத் திறக்கும்படி கேட்டால், நல்ல கலைஞன் மறுக்கவேண்டும் என்று நாம் சொல்லியிருப்போம். ஹௌவி மறுக்கவில்லை, நான்கு பாகங்கள் எழுதி 2012 ஜனவரியில் ஒரே நூலாக்கினார். அவற்றுள் இரண்டாம் பாகத்தை நோக்குக. குழியின் தலைவியான முதியவள் ஜான்ஸும் அவளுடைய வயோதிகத் துணை அதிகாரி மார்ன்ஸும், புதிய காவல் அதிகாரியாக ஜூலியட் என்ற இயந்திரப் பெண் தொழிலாளியை அழைப்பதற்காக, மேல்தளத்திலிருந்து அடித்தளத்துக்குப் படியிறங்கிப் போகின்றனர். அங்கே தூக்கி இயந்திரம் இல்லை, படிதான். நாட்கணக்கில் இறங்குகின்றனர். முழங்கால் வலிக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் யாரோ உழைத்துக்கொண்டிருக்கின்றனர். கீழே செல்லச் செல்ல, மேலே இருப்போரின் விளக்கு யாரால் எரிகிறது என்பது விளங்குகிறது. இரண்டு கிழவர் ஒருவரையொருவர் நேசித்தும் இத்தனை காலம் சொல்லாமலிருந்தது, படிக்கட்டிலே மெல்ல வெளிப்படுகிறது. அடுத்தது என்ன என்று ஆவலோடு காத்திருந்த வாசகருக்கு, வெடிக்குப் பதில் ஒரு மெதுவான நடையைக் கொடுத்தார் ஆசிரியர். எந்தச் சந்தைக்காரரும் கேட்டு வாங்கியிராத அத்தியாயம் அது. வாசகர் மேலும் வேண்டுமென்று கேட்டார்கள். என்ன வேண்டுமென்று சொல்ல அவர்களால் ஆகவில்லை. அவ்விடைவெளியிலே ஹௌவி தமக்கு வேண்டியதை எழுதிக்கொண்டார்.

பின்பாகங்களில் இந்த நிதானம் குறைகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்தாம் பாகத்தில் சண்டையும் ஓட்டமும் மிகுந்து, வாசகரின் மூச்சு ஆசிரியரின் கழுத்திலே படுவது நமக்கே கேட்கிறது. பதிப்பகத்தார் பெருந்தொகையோடு வந்தபோது, அச்சு உரிமையை மட்டும் சைமன் அண்டு ஷுஸ்டருக்குக் கொடுத்து, மின்னூல் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 2013-ல் அச்சுப் பதிப்பு வந்தது. தம் குழியிலே பிற எழுத்தாளர் கதை அமைத்து விற்கவும் அனுமதித்தார். 2023-ல் ‘சைலோ’ என்ற பெயரில் அது தொடர்படமாகவும் வந்தது. படம் நன்று, படிக்கட்டு மட்டும் படத்திலே அவ்வளவு நீளமில்லை.

நேயர்களில் ஆங்கிலம் வாசிப்போர் ‘உல்’ நூலை எடுத்தால், முதற்பாகத்தை முடித்ததும் மூடிவைத்துவிட்டு, சில வாரம் கழித்து இரண்டாம் பாகத்தைத் திறக்கும்படி வேண்டுகிறோம். 2011 ஜூலையில் அதை 99 சென்டுக்கு வாங்கிப் படித்தவர்கள் அப்படித்தான் காத்திருந்தார்கள். இன்னொரு பாகம் வரும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.